ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்த அன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

முதுநகர் மாடிவீடு:
சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்களுக்கு எப்படி வீடு விடுகிறோம் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு இவ்வளவு, அவ்வளவுதான். எங்கள் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஒரே ஜன்னல், அதையும் கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். டெங்கு சமயம் என்பதால் தொட்டியில் புழு பார்க்க வருகிறார்கள் என்று நினைத்தேன். வந்த அம்மா தொட்டிப் பக்கமே போகவில்லை. "எத்தனை பேர் சார்?" என்றார். ஆறு என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குழாயடிக்குப் போனார். அங்கே ஒரு பெயிண்ட் டப்பாவில் பல் துலக்கும் பிரஷ்கள் செருகியிருந்தன. பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணினார். பதினான்கு. ஷிப்ட் மாற்றி ஒரே பாயில் இரண்டு பேர் படுக்கும் கணக்கு அது.

அபராதம் போட வந்தார் என்று நினைத்துத்தான் பொய் சொன்னேன். அவர் வந்தது வேறு காரியத்துக்கு. அதில் ஒரு பையனுக்குச் சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்திருக்கிறது, கூடப் படுத்தவர்களைத் தேடி வந்திருக்கிறார். நான் மறைத்தது எட்டுப் பேரை.

வில்லியனூர் பால்காரம்மா மகள்:
எனக்கு நடந்தது 1998-ல், ஒன்பது வயதில். அம்மா மூன்று மாடு வைத்துத் தெருவில் பால் ஊற்றுவார். விடிகாலை, நுரை கூட அடங்கவில்லை. ஒரு அதிகாரி சைக்கிளை மறித்து கேனில் பாலின் அடர்த்தி பார்க்கும் லேக்டோமீட்டரை விட்டார். 25. "தண்ணி" என்று ஒரே வார்த்தை. கேனைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார். வெள்ளையாக ஓடியதை ஒரு நாய் கூடவே நடந்து நக்கிக்கொண்டு போனது. அம்மா கேனைக் கழுவக்கூட இல்லை, அப்படியே தூக்கி மாட்டிக்கொண்டு திரும்பினார்.

பின்னால் நான் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கறந்த சூட்டோடு பார்த்தால் ரீடிங் இறங்கித்தான் காட்டும். 27 டிகிரிக்கு ஆறவிட்டுப் பார்க்க வேண்டும்.

ரிட்டயர்டு லேப்:
வில்லியனூர் சொல்வது சரி, ஆனால் பாதிதான். ஆறவிட்டுப் பார்த்தாலும் லேக்டோமீட்டரை மட்டும் நம்ப முடியாது. ஆடையை எடுத்தால் ரீடிங் ஏறும், தண்ணீர் விட்டால் இறங்கும். இரண்டையும் அளவாகச் செய்கிறவனுக்கு அது நல்ல பாலைப் போலவே 28 காட்டி சலாம் போடும்! உங்கள் அம்மா மாட்டிக்கொண்டார், அவன் மாட்டமாட்டான்.

அப்போது இருந்தது 1954-ஆம் வருட உணவுக் கலப்படத் தடைச் சட்டம். மாதிரியை மூன்று பாகமாக்கி, கெடாமல் இருக்க ஃபார்மலின் விட்டு, சீல் வைத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நான்கு பாகம், 14 நாளில் அறிக்கை. மாதிரியே எடுக்காமல் கவிழ்ப்பது எந்தக் காலத்திலும் முறையில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: வீட்டில் சாய்வான வழவழப்பான தட்டில் ஒரு சொட்டுப் பால் விட்டால், நல்ல பால் பின்னால் வெள்ளைத் தடம் விட்டு மெதுவாக இறங்கும், தண்ணீர்ப் பால் தடமில்லாமல் ஓடிவிடும். மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க, காய்ச்சி ஆறவைத்த பாலில் இரண்டு சொட்டு டிஞ்சர் அயோடின், நீலமானால் மாவு. என் அனுபவம் இவ்வளவுதான்: எங்கள் தெரு டீக்கடையில் அப்படி விட்டுப் பார்த்தேன், நீலம் வந்தது, கடைக்காரர் இன்றுவரை பேசுவதில்லை.

வில்லியனூர் பால்காரம்மா மகள்:
சார், நான் சட்டம் கேட்கவில்லை.

தேவனாம்பட்டினம்:
சுனாமிக்கு அப்புறம் தார் அட்டைக் கொட்டகையில் இருந்தோம். பகலில் உள்ளே நிற்க முடியாது, ராத்திரி புரள இடமிருக்காது. ஒரு நர்ஸம்மா வந்து ஒவ்வொருத்தர் கையையும் திருப்பி விரல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். சிரங்கு. என் தங்கை மட்டும் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். எல்லாரும் ஒரே ராத்திரி கழுத்திலிருந்து கால்வரை மருந்து பூசினோம், அவளைத் தவிர. பத்துப் பதினைந்து நாளில் மறுபடி எல்லாருக்கும் வந்துவிட்டது. அவளுக்கு அப்போது ஏழு வயது. முதுநகர் அண்ணே, உங்களுக்கு எத்தனை வயது? முதலில் அந்த ஜன்னல் அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வலை அடியுங்கள். காற்று புழங்காத அறையில்தான் டி.பி. சீக்கிரம் ஒட்டும்.

முதுநகர் மாடிவீடு:
திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அட்டையை அன்றைக்கே எடுத்துவிட்டேன். மறுநாள் கூப்பிட்டபோது பத்துப் பேர் பரிசோதனைக்குப் போனார்கள். நான் ஆறு என்று சொன்னதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பயந்து மூன்று பேர் அன்று ராத்திரியே ரயில் ஏறிவிட்டார்கள். அந்த அம்மா இரண்டு தடவை போன் செய்து கேட்டார். என்னிடம் இருந்த நம்பர்கள் மூன்றும் அணைத்தே இருக்கின்றன. அட்வான்ஸைக்கூட வாங்காமல் போயிருக்கிறார்கள்.