ஸ்பேஸ் பார் தட்டித் தட்டிக் கட்டிய ஸ்லைடு: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

சாக்பீஸ்:

அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை நான். போன வாரம் ஓர் ஆசிரியர் பயிற்சியில் பட்ட அவமானத்தை இங்கே இறக்கி வைக்கிறேன். நான் மட்டும்தான் இப்படியா, இல்லை எனக்குத் துணை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பவர்பாயிண்டில் இலக்கணத்தில் ஒரு மதிப்பெண் வினாக்கள். ஸ்லைடுக்கு ஒரு கேள்வி, மொத்தம் 40. வினாத்தாளில் வருவது போலவே அ-வும் ஆ-வும் ஒரு வரி, இ-யும் ஈ-யும் அடுத்த வரி. அ) பண்புத்தொகை என்று அடித்துவிட்டு, ஆ வர வேண்டிய இடம் வரைக்கும் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போவேன். ஆ-வுக்கு நேர் கீழே ஈ நிற்கவில்லையா, ஒரு தட்டு கூட்டு. தாண்டிவிட்டதா, ஒன்று குறை. மூன்று ராத்திரி இதே வேலை. "ஒரே கட்டையைத் தட்டிக்கிட்டிருக்கியே, அப்படி என்னதான் டைப் பண்ற?" என்று வீட்டுக்காரர் கேட்டார். என் லேப்டாப்பில் நூல் பிடித்த மாதிரி நின்றது. எனக்கே பெருமை.

பயிற்சி நடந்த இடத்துக் கணினியில் பென் டிரைவைச் செருகித் திறந்தேன். எழுத்தெல்லாம் உப்பிப் போயிருந்தது. முதல் வரியில் "அ) பண்புத்தொகை", ஒரு மைல் இடைவெளி, அப்புறம் வரிக் கடைசியில் தன்னந்தனியாக "ஆ)". உவமைத்தொகை அடுத்த வரியின் தொடக்கத்துக்கு இறங்கி, அ-வின் இன்னொரு விடை மாதிரி உட்கார்ந்திருந்தது. 40 ஸ்லைடிலும் இதே கோலம். பின்வரிசையிலிருந்து ஒரு சார், "டீச்சர், ஆ-வுக்கு விடையே இல்லையே, அது கோடிட்ட இடமா?" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

அச்சுக்கோப்பு:

டீச்சர், உங்களுக்குத் துணை நிறைய உண்டு. டிடிபி சென்டர் நடத்துகிறேன், இந்த வியாதியோடு வாரம் இரண்டு பேர் வருவார்கள்.

உங்களுக்கு நடந்தது என்ன என்று ஊகிக்க முடிகிறது. உங்கள் லேப்டாப்பில் தமிழுக்கு நிர்மலா என்ற எழுத்துரு இருந்திருக்கும். அது விண்டோஸ் 8-இல் தான் வந்தது. அங்கே இருந்தது விண்டோஸ் 7 ஆக இருந்தால் நிர்மலாவே கிடையாது, லதா வந்து உட்கார்ந்திருக்கும். லதா விண்டோஸ் 2000 காலத்து எழுத்துரு, உடம்பும் அகலம். எழுத்துரு மாறினால் எழுத்தின் அகலம் மட்டுமா மாறும்? ஸ்பேஸின் அகலமும் மாறும். 28 தட்டு தட்டி நிறுத்திய இடம் இன்னொரு மெஷினில் வேறு இடம்.

என்னிடம் ஒரு பெரியவர் வருவார். அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவர், கை மின்னல். டைப்ரைட்டரில் எத்தனை தட்டு தட்டினாலும் ஸ்பேஸ் ஒரே அகலம், அதனால் எண்ணி எண்ணித் தட்டுவது அவருக்கு வித்தை. மணி அடித்ததும் அடுத்த வரிக்குத் தள்ளுவதும் கையோடு வந்த பழக்கம். அதே கையோடு பவர்பாயிண்டில் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் அடித்து வைத்திருந்தார். அவருடைய சங்க விழாவுக்காக ஸ்லைடின் அளவை அகலத்திலிருந்து பழைய, கிட்டத்தட்டச் சதுரமான அளவுக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஒரு நீள வரி, கீழே ஒற்றைச் சொல், மறுபடி நீள வரி, மறுபடி ஒற்றைச் சொல். கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி. என்டர் ஒவ்வொன்றும் அதற்குக் கணக்கில் தனிப் பாரா, அதனால் பாராவுக்குப் பாரா விடுகிற இடைவெளியும் வரிக்கு வரி விழுந்து கிடந்தது. ஒரு மத்தியானம் முழுக்க என்டர் பொறுக்கினேன். கூலி கேட்கக் கூச்சமாகிவிட்டது.

சாக்பீஸ்:

அப்போ இரண்டு விடையை ஒரே வரியில் எப்படித்தான் வைப்பது? இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததே இல்லை.

அச்சுக்கோப்பு:

இரண்டு வழி. வியூ மெனுவில் ரூலரை டிக் செய்யுங்கள். பெட்டிக்குள் கர்சர் இருக்கும்போது, ஆ எங்கே தொடங்க வேண்டுமோ அந்த இடத்தில் ரூலர் மேல் ஒரு கிளிக். சின்னதாக ஓர் ஆணி விழும். அப்புறம் அ-வின் விடை முடிந்ததும் டேப் ஒரே ஒரு தடவை. எந்த எழுத்துரு வந்தாலும் ஆ அந்த ஆணியில்தான் தொங்கும். வரித் தொடக்கத்தில் மட்டும் டேப் அடிக்காதீர்கள், அது பாராவை ஒரு படி உள்ளே தள்ளி எழுத்தையும் சிறிதாக்கிவிடும்.

ஆனால் உங்கள் வேலைக்கு நான் சொல்வது டேபிள். இரண்டுக்கு இரண்டு, கோடும் நிறமும் இல்லாமல். "அன்மொழித்தொகை" மாதிரி நீளமாக வந்தாலும் அது தன் கட்டத்துக்குள்ளேயே மடியும், பக்கத்து வீட்டுக்குப் போகாது.

இன்னொன்று. ஒன்று, இரண்டு என்று எண் போட பவர்பாயிண்டில் தானியங்கி வசதி உண்டு, இந்தி, தாய்லாந்து எண்கள்கூட உண்டு. அ, ஆ, இ, ஈ கிடையாது. அதைக் கையால்தான் போட வேண்டும். போட்டுவிட்டு ரூலரில் கீழ்முக்கோணத்தை மட்டும் வலப்பக்கம் இழுங்கள். விடை இரண்டு வரி போனால் இரண்டாவது வரி அ-வுக்கு அடியில் ஓடாமல் விடைக்கு அடியிலேயே நிற்கும்.

பனங்கூடல்:

ரீச்சர், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடைய கதை ஸ்பேஸ் இல்லை, பாமினி.

எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். பவர்பொயின்ற் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பழகியது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் குந்தியிருக்கின்றன. சிறிய எழுத்தை அடித்தால் க, அதையே பெரிய எழுத்தாக அடித்தால் கு. த அப்படியே து ஆகும், அ ஆ ஆகும். மென்பொருளுக்கு நான் தமிழ் அடிப்பது எங்கே தெரியப் போகிறது? வசனத்தின் முதலெழுத்து சிறியதாக இருக்கிறது, தம்பி பிழை விட்டுவிட்டான் என்று தானே பெரிதாக்கிவிடும். கணக்கறிக்கை குணக்கறிக்கை ஆனது. தலைவர் உரை, துலைவர் உரை. நான் திருத்தித் திருத்தி வைத்தேன், ஒன்று மட்டும் கண்ணில் படாமல் போய்விட்டது. துலைவர் மேடையில் இருந்தபடியே அதை வாசித்தார்.

ஓட்டோகரெக்டில் அந்த ஒரு தெரிவை நிற்பாட்டியிருந்தால் முடிந்தது. அது தெரிய எனக்கு இரண்டு வருடம்.

பிறகு அதே கோப்பை ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஊர் அண்ணைக்கு அனுப்பினேன். அவரிடம் பாமினி இல்லை. "என்னடா தம்பி, முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கு?" என்று கேட்டார். மெய்யெழுத்தின் புள்ளி எல்லாம் அரைப்புள்ளியாகத் தெரிந்திருக்கிறது. எழுத்துருவை மாற்றிப் பார்க்கச் சொன்னேன், மாறவில்லை. மாறாதுதான், உள்ளே இருப்பது தமிழே இல்லையே. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடாக எடுத்த பிறகுதான் அவருக்கு வாசிக்க முடிந்தது. அன்றைக்கே யூனிகோடுக்கு வந்துவிட்டேன். கை இன்னமும் பாமினிக்கே போகிறது, அது வேறு விடயம்.

மூன்றாம் வரிசை:

நான் ஸ்லைடு செய்கிறவன் இல்லை, பார்க்கிறவன். அலுவலகத்தில் மாதம் நாலு கூட்டம். பெட்டியில் கொள்ளாத அளவுக்கு அடைத்தால் அது தானாகச் சுருங்கும் என்பது தெரியாதவர்கள்தான் அதிகம். 28-இல் தொடங்கிய எழுத்து கடைசியில் 14-க்கு வந்திருக்கும், அடித்தவருக்கே தெரியாது. வரி இடைவெளியும் சேர்ந்து சுருங்கும். ஆங்கிலத்துக்கு அது ஓடும். தமிழில் மேல்வரியின் பு-வும் சு-வும் காலை நீட்ட, கீழ்வரியின் புள்ளியும் கொம்பும் தலையைத் தூக்க, இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் உட்காரும் இடத்திலிருந்து புள்ளியே தெரியாது. அந்தச் சுருக்கத்தை அணைத்துவிட்டு, பெட்டியை விட்டு வழிவதை அடுத்த ஸ்லைடுக்குத் தள்ளுங்கள், புண்ணியமாகப் போகும்.

அடிக்குறிப்பு:

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டில் இரண்டு ஓரமும் சமமாக இருக்க ஜஸ்டிஃபை கொடுத்திருந்தேன், அதை அப்படியே ஸ்லைடுக்கு ஒட்டினேன். தாளில் வரிக்குப் பத்துச் சொல் நிற்கும், இடைவெளி பரவலாகப் பிரிந்து போகும். ஸ்லைடில் பெரிய எழுத்து, வரிக்கு மூன்று சொல். அதிலும் நம் சொற்கள் "எடுத்துரைக்கப்பட்டிருப்பதாலும்" ரகம். பவர்பாயிண்ட் சொல்லை உடைத்து மடிக்கவும் செய்யாது. ஒரு வரியில் இடது ஓரத்தில் ஒரு சொல், வலது ஓரத்தில் ஒரு சொல், நடுவில் மாட்டுவண்டி போகலாம்.

நான் ஆய்வு இடைவெளி என்ற பகுதிக்கு வந்தேன். புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "விளக்க வேண்டாம்மா, இடைவெளி இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது" என்றார். நெறியாளர்கூடச் சிரித்துவிட்டார்.

பட்டம் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து ஸ்லைடில் இடது ஓரம் மட்டும்தான் நேர், வலது ஓரம் அதன் இஷ்டம்.

சாக்பீஸ்:

எல்லோருக்கும் நன்றி. துலைவரைப் படித்துவிட்டு வகுப்பிலேயே சிரித்துவிட்டேன், பிள்ளைகள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள்.

நேற்று சாயங்காலம் உட்கார்ந்தேன். ஃபைண்டில் இரண்டு ஸ்பேஸ், ரீப்ளேஸில் ஒன்று, எல்லாவற்றையும் மாற்று என்றேன். முதல் சுற்றிலேயே 1,100-க்கு மேல் மாற்றியதாகச் சொன்னது. அத்தனையும் நான் தட்டியது! நாலைந்து சுற்று போனபிறகுதான் ஒற்றை ஸ்பேஸ் மிஞ்சியது. அப்புறம் ஒரு ஸ்லைடில் டேபிள் போட்டு, அதையே நகலெடுத்து நகலெடுத்து விடைகளை நிரப்பினேன். இரண்டரை மணி நேரம். பள்ளியில் உள்ள பழைய கணினியில் இன்று காலை திறந்து பார்த்தேன். எழுத்து உப்பித்தான் இருந்தது, ஆனால் ஆ அசையவில்லை.

அச்சுக்கோப்பு சார், உங்களுக்கும் கோப்பை அனுப்பியிருக்கிறேன், நேரம் இருந்தால் ஒரு பார்வை பாருங்கள்.

அச்சுக்கோப்பு:

பார்த்தேன் டீச்சர். அமைப்பு அருமை, என் கடைப் பையன்களுக்கும் காட்டினேன். 17-ஆவது ஸ்லைடில் மட்டும் ஆ-வும் ஈ-யும் இரண்டுமே உம்மைத்தொகை. கவனித்தீர்களா?

சாக்பீஸ்:

ஐயோ. பயிற்சியில் 60 பேர் பார்த்தார்களே, ஒருத்தரும் சொல்லவில்லையே!