கட்டி முடியாத அணைக்குள் வெள்ளம் புகுந்தால் அது இயற்கை அழிவா?

களனிக்கரை: 2018இல் கொலம்பியாவின் இதுவாங்கோ அணையில் நடந்ததை "மழை பெய்தது, வெள்ளம் வந்தது, யார் என்ன செய்ய முடியும்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஏற்காது. கவுக்கா ஆற்றை மறித்து 225 மீற்றர் உயரத்தில், 2,400 மெகாவாற் மின்சாரத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்த அணை அது. கட்டி முடியும்வரை ஆற்றைத் திருப்பிவிட இரண்டு சுரங்கங்கள் இருந்தன. வேலை பிந்திப்போனதால் மூன்றாவதாக ஒன்றைத் தோண்டினார்கள், அதற்குக் கதவே கிடையாது. அப்புறம் முதல் இரண்டையும் கொங்கிரீட் போட்டு அடைத்துவிட்டு முழு ஆற்றையும் அந்த ஒன்றுக்குள் விட்டார்கள். ஏப்ரல் 28, அது உள்ளே இடிந்து அடைத்துக்கொண்டது. இதில் மழையின் பங்கு எவ்வளவு, மனிதர் எடுத்த முடிவின் பங்கு எவ்வளவு?

சிவில் தம்பி: அண்ணா, கோபம் விளங்குகிறது, ஆனால் அணை கட்டும் இடத்தில் வெள்ளம் வராமல் இருந்ததே இல்லை. ஆபிரிக்காவின் கரிபா அணையைப் பாருங்கள். சம்பேசி ஆறு 1957இல் ஒரு தடவை பெருகியது, 1958இல் அதைவிடப் பெரிதாக, செக்கனுக்கு ஏறத்தாழ 16,000 கன மீற்றர். தற்காலிகத் தடுப்பணை மூழ்கியது, பாலம் அடித்துக்கொண்டு போனது. அதைப் பார்த்துத்தான் வான்கதவுகளை, அதாவது மிகுதித் தண்ணீரை வெளியேற்றும் கதவுகளை, கூட்டினார்கள். திருப்புச் சுரங்கம் சில வருடங்களுக்கு மட்டும் தேவைப்படுகிற ஒன்று, அதை ஆயிரம் வருட வெள்ளத்துக்குக் கட்டினால் எந்த நாட்டிலும் அணையே எழும்பாது.

இதுவாங்கோவில் அந்த நாட்களில் நின்றவர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். வான் பாயும் மட்டத்துக்கு அணை எழும்பவில்லை, தண்ணீர் மட்டமோ ஏறிக்கொண்டே வருகிறது. அது எங்கள் நாட்டு விக்டோரியா அணை மாதிரிக் கொங்கிரீட் அணை அல்ல, கல்லும் மண்ணும் நிரப்பி எழுப்பியது, மேலால் தண்ணீர் பாய்ந்தால் அரித்துக்கொண்டே போய்விடும். அதனால் மே 10 அன்று, இயந்திரங்கள் பூட்டிக்கொண்டிருந்த மின்நிலையக் குகைக்குள்ளேயே ஆற்றைத் திறந்துவிட்டார்கள். வருடக்கணக்கில் செய்த வேலையைத் தாங்களே அழித்து அணையைக் காப்பாற்றினார்கள். அந்த முடிவு எடுக்க நெஞ்சுரம் வேண்டும்.

களனிக்கரை: நெஞ்சுரம் இருந்தது, சரி. ஆனால் வேறு வழியில்லாத நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்து விட்டது யார்? ஆறு வெளியேற இரண்டாவது வாசல் ஒன்று இருந்திருந்தால் மின்நிலையத்தைப் பலி கொடுக்கத் தேவையே இல்லை. மே 12 அன்று அடைப்பு தானாக உடைந்து கீழே இருந்த புவேர்ட்டோ வல்டிவியாவில் பாலம், பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், வீடுகள் எல்லாவற்றையும் வெள்ளம் வாரிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கான சனம் வீட்டை விட்டு ஓடியது. மின்சாரம் வந்தது 2022 நவம்பரில். பின்னால் செய்த ஆய்வே, சுரங்கத்தின் அடியில் பலவீனமான பாறைப் பகுதியைச் சரியாகப் பலப்படுத்தாமல் விட்டதால் தண்ணீர் அரித்தது என்றுதான் சொன்னது. மழை அந்தப் பாறையைப் பலவீனமாக்கவில்லையே.

மட்டக்குளி அக்கா: அதே 2018 ஜூலை 23, லாவோஸ். சே-பியான் சே-நம்நோய் திட்டத்தின் துணை அணை ஒன்று உடைந்து அத்தபு மாகாணத்துக் கிராமங்கள் சேற்றுக்குள் போயின. அப்போதும் முதலில் சொன்னது மழை என்றுதான். 2019இல் நிபுணர் குழு, உடையத் தொடங்கியபோது நீர்மட்டம் அணையின் உச்சிக்குக் கீழேதான் இருந்தது, இது தடுத்திருக்கக்கூடியது என்றது. கட்டிய நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவர்கள் அநேகமாக ஏழை விவசாயிகள்.

சிவில் தம்பி: லாவோஸைப் பற்றி வாதமே இல்லை அக்கா, அது அத்திவார மண்ணின் பிரச்சினை. நான் சொல்வது, எல்லாத் தளத்தையும் ஒரே கூடைக்குள் போடாதீர்கள் என்று. கரிபாவுக்கும் இதுவாங்கோவுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

களனிக்கரை: வித்தியாசம் இருக்கிறது தம்பி, கீழே இருக்கிற ஆளுக்கு அது தெரியவா போகிறது? நாங்கள் கொழும்புக்குப் பக்கத்தில், களனி கங்கைக் கரையோர வெல்லம்பிட்டியில் இருக்கிறவர்கள். நாகலகம் வீதியில் அளக்கிற ஆற்று நீர்மட்டம் ஏறுகிறது என்று செய்தி வந்தால் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிலுக்கு மேல் ஏற்றுவோம், பிள்ளைகளின் புத்தகப் பையை மேல்மாடி வீட்டில் கொடுப்போம். எங்களுக்காவது அளவு தெரிகிறது. எங்கே அணை கட்டினாலும், ஆற்றை எந்த வழியால் திருப்புகிறார்கள், அது அடைபட்டால் அடுத்த வழி எது, தண்ணீர் எத்தனை மணித்தியாலத்தில் எந்த ஊருக்கு வரும் என்பதைக் கீழே இருக்கிற சனத்துக்கு அவர்கள் மொழியில், வேலை தொடங்க முன்னமே கொடுக்கட்டும். அதைச் செய்த பிறகு இயற்கையைப் பற்றிப் பேசுவோம்.

சிவில் தம்பி: அந்தக் கடைசிக் கோரிக்கையில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இரண்டாவது வாசலுக்கு ஆகிற செலவை யார் மின்கட்டணத்தில் போடுவது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை, அண்ணா.

மட்டக்குளி அக்கா: என்னுடைய கட்டணத்தில் போடட்டும். கட்டுவேன்.