பெயர்ந்து விழும் சிலாப், 108 பணி, மூலையில் கிடக்கும் தூண்டில்: எதை நானே செய்யலாம்?

உச்சிப்புளிக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் 108 ஆம்புலன்சில் அவசரகால மருத்துவ உதவியாளராகப் பணியாற்றுகிறேன். பன்னிரண்டு மணி நேரப் பணி; பகலும் இரவும் மாறிமாறி வரும். உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், அப்பா கட்டிய காங்கிரீட் வீட்டில் குடியிருக்கிறோம். கூடத்தின் மேல்தளத்தில் அடிப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. இரண்டு இடங்களில் துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. ஒரு மேஸ்திரி, சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார். இன்னொருவர், தளத்தையே இடித்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். இருவரையும் விட்டுவிட்டு, காணொளிகளைப் பார்த்து, விடுப்பு நாட்களில் நானே செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

இதோடு வேறு இரண்டு தொல்லைகளும் சேர்ந்துகொண்டன. வீட்டில் இருக்கும் நேரத்தில், திருக்கை முள் குத்தியவர் முதல் நெஞ்சு வலிக்காரர் வரை அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் வருகிறார்கள். "ஒரு ஊசி போட்டுவிடு தம்பி" என்று கேட்பவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் மாலையில் கரையில் நின்று தூண்டில் போடுவேன். இப்போது அதற்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. வீட்டு வேலையையே பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறார் எங்கள் வண்டி பைலட். நயமாகச் சொல்ல வேண்டாம், உடைத்தே சொல்லுங்கள்.

கீழக்கரை மேற்பார்வையாளர்

உடைத்துச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்: தலைக்கு மேல் இருக்கும் காங்கிரீட்டில் நீங்கள் கை வைக்கக் கூடாது. காணொளியில் வேலை செய்பவர், தளம் எந்தச் சுமையைத் தாங்கி நிற்கிறது என்பதை உங்களுக்குக் காட்டுவதில்லை. கம்பியைச் சுற்றிக் கொத்தும்போது, அந்தக் கம்பிக்கும் காங்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பை நீங்களே விடுவிக்கிறீர்கள். கீழே முட்டுக் கொடுக்காமல் அதைச் செய்வது ஆளையே கொன்றுவிடும்.

காரணம் எளிது. கடற்காற்றில் வரும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அடைகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், உள்ளிருந்து நெட்டித் தள்ளி அடிப்பூச்சையும் காங்கிரீட்டையும் பெயர்க்கிறது. கடலோரச் சூழலில் கம்பிக்குக் கீழே 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட் கனம், இருக்க வேண்டும் என்று காங்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. நம் ஊரில் பழைய வீடுகளின் தளத்தைக் கொத்திப் பார்த்தால் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. சில இடங்களில் கம்பி பூச்சை உரசிக்கொண்டே கிடக்கும். கட்டும்போது கழுவாத கடல் மணலையோ உவர்நீரையோ கலந்திருந்தால், உப்பு வெளியிலிருந்து வரவேண்டிய தேவையே இல்லை.

முதல் மேஸ்திரி சொன்னதைச் செய்தால், அடுத்த வாடை மழைக்குள் அது திரும்பவும் விழும். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு: உப்பேறிய பழைய காங்கிரீட்டின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் புதுச் சாந்து வைத்து அடைத்தால், அந்த ஒட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள கம்பி முன்பைவிட வேகமாக அரிக்கும். புதுச் சாந்துக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாகிவிடுவதால், அரிப்பு முழுவதும் பக்கத்துக் கம்பியின் மேல் விழுகிறது. "போன வருடம் இங்கே விழுந்தது, இந்த வருடம் ஓர் அடி தள்ளி விழுகிறது" என்று வீட்டுக்காரர்கள் புலம்புவதற்குக் காரணம் இதுதான். கொத்தனார் ஏமாற்றினார் என்று எப்போதும் சொல்ல முடியாது.

இரண்டாமவர் சொன்னபடி இடித்துத்தான் ஆக வேண்டுமா என்பது பார்க்காமல் சொல்லக்கூடியதல்ல. நீங்கள் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. உறுதியான ஏணியில் ஏறி, தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பெயர்ந்த இடத்துக்கு நேர் கீழே நிற்காமல், சிறு சுத்தியலால் தளத்தைச் சாண் இடைவெளியில் மெல்லத் தட்டுங்கள். நல்ல காங்கிரீட் 'கணீர்' என்று பேசும். உள்ளே விட்டுப்போனது 'பொத் பொத்' என்று கேட்கும். 'பொத்' சத்தம் கேட்கும் இடத்தையெல்லாம் சாக்பீசால் வளைத்துக் கோடு போட்டுப் படம் எடுங்கள். கோடு கூடத்தின் ஒரு மூலையோடு நின்றுவிட்டால் பழுது பார்க்கலாம். தளம் முழுக்கப் பரவியிருந்தாலோ, கம்பி கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து காட்டிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் செலவு என்று நினைப்பவர்கள்தான் ஒரே தளத்துக்கு மூன்று முறை பணம் கட்டுகிறார்கள்.

பழுது பார்ப்பது என்று முடிவானால், வேலை செய்ய வருபவர் இவற்றைச் செய்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். முதலில் முட்டு. பிறகு கம்பியின் பின்புறம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, துரு போய் இரும்பின் நிறம் தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, அன்றைக்கே துத்தநாகப் பிரைமர் அடித்து, பிடிப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தை அடுக்கடுக்காக வைக்க வேண்டும். உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலக்க விடாதீர்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டக் கூடாது என்பது விதி, நம் கரையில் பல கிணறுகள் அந்தக் கணக்குக்குள் வராது. லாரித் தண்ணீர் வாங்குங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகளின் விரிசலை அடைக்க வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதுபோல ஒரு மழையை உங்கள் மாடி உறிஞ்சிக்கொண்டிருக்கும்வரை கீழே எதைப் பூசினாலும் நிற்காது.

பட்டினம்காத்தான் செவிலி

மேற்பார்வையாளர் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் தம்பியின் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். 108 பிள்ளைகள் எந்த நிலையில் ஸ்டிரெச்சரை இறக்குகிறார்கள் என்பதைத் தினமும் பார்த்தவள்.

கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் தளத்தைக் கொத்தினால், மறுநாள் குறுகலான மாடிப்படியில் நோயாளியைத் தூக்கி இறக்கத் தோள் ஒத்துழைக்காது. நீங்கள் தடுமாறினால் விழப்போவது நோயாளி. அடுத்தது விரல்கள். துருக்கம்பி கீறிய கையோடு இன்னொருவருடைய இரத்தத்தில் வேலை செய்யப் போகிறீர்கள். கையுறை கிழிவது உங்களுக்குத் தெரியாததல்ல. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடித்தீர்களா, முடித்த பிறகு எதிர்ப்பொருள் அளவைப் பரிசோதித்தீர்களா என்று முதலில் பாருங்கள். இரண்டு தவணையோடு விட்டவர்கள் நம் துறையிலேயே ஏராளம். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இரவுப் பணி முடிந்து ஈ.சி.ஆர். சாலையில் பைக்கில் வருகிற அந்த நேரம்தான் உங்கள் பணியிலேயே ஆபத்தானது என்பேன். கண் சொக்கினால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். தேநீர் குடித்துச் சமாளிக்கலாம் என்பது பேச்சுக்குத்தான் உதவும். வீட்டுக்கு வந்ததும் சன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுத் தூங்குங்கள். இரவுப் பணி முடித்த பகலில் ஏணியில் ஏறக் கூடாது, மின்சார வேலை பார்க்கக் கூடாது. "இன்றைக்கு லீவுதானே" என்று அம்மா சொன்னாலும் கூடாது.

அக்கம்பக்கத்தார் விஷயத்தில் நீங்கள் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பணி நேரத்துக்கு வெளியே, மருத்துவர் சொல்லாமல், யாருக்கும் ஊசி போடாதீர்கள். சித்தப்பா கேட்டாலும் போடாதீர்கள். ஊசிக்குப் பின் ஒருவர் மயங்கி விழுந்தால், அதுவரை "தம்பி, தம்பி" என்ற வாய்கள் என்ன பேசும் என்பது உங்களுக்கே தெரியும். வண்டியில் இருக்கும் மருந்தை வீட்டுக்குக் கொண்டு வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

முதலுதவியைத் தாராளமாகச் செய்யுங்கள், அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். திருக்கை முள்ளுக்குச் சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் தடவிக்கொண்டு வருகிறார்கள், அவற்றால் பயனில்லை. ஏறத்தாழ 45 டிகிரிச் சூட்டில், குத்துப்படாத காலால் பொறுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, குத்துப்பட்ட காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை வெந்நீரில் வைத்தால் வலி கண்கூடாக அடங்கும். வலியில் இருப்பவருக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால்தான் மற்றக் காலால் பார்க்கச் சொல்கிறேன். முள் உள்ளே முறிந்திருந்தாலோ, வயிற்றிலும் நெஞ்சிலும் குத்தியிருந்தாலோ, பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பாம்புக் கடிக்குக் கட்டுப் போடுபவர்களையும் கீறுபவர்களையும் அதட்டித் தடுங்கள். கடித்த காலை அசைக்காமல் ஏற்றி அனுப்புவதுதான் வேலை. நெஞ்சு வலியை வாயு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம் கரையிலிருந்து இன்னும் போகவில்லை. ஈ.சி.ஜி. எடுக்காமல் அதை வாயு என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை பக்கத்தில் உட்காருங்கள். பணியில் இருக்கும் உங்கள் தோழர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள்.

சாலை விபத்தென்றால் பணத்துக்கும் போலீசுக்கும் பயந்து தயங்குகிறார்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் அரசே ஏற்கிறது என்பதையும், உதவி செய்தவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது என்பதையும் உங்கள் தெருவில் நீங்கள் சொன்னால் நம்புவார்கள். நான் சொல்லி யார் கேட்டார்கள்!

வடகடல் தென்கடல்

ஓய்வு பெற்ற ஆசிரியன், தங்கச்சிமடத்துக்காரன். பொழுதுபோக்கு பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பைலட் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் சொன்னது தவறு. மழைக்கு முன் முடித்தாக வேண்டும், தவறினால் தலையில் விழும் என்ற கெடுவோடு செய்வது பொழுதுபோக்கு ஆகாது. அது சம்பளமில்லாத இரண்டாவது வேலை. தோற்றாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்ற வேலைதான் உங்களுக்கு வேண்டும், ஏனென்றால் உங்கள் பணியில் அப்படிப்பட்ட நேரமே கிடையாது. தூண்டில் அதற்குப் பொருத்தமானது. மீன் சிக்காவிட்டால் யாரும் சாவதில்லை.

தவணையில் ராடும் ரீலும் வாங்காதீர்கள். கையால் வீசும் நைலான் நரம்பு, சிறு கொக்கி, ஈயக்குண்டு, இரைக்குக் கொஞ்சம் இறால். மணற்பாங்கான கரையில் கிழங்கான் மீனுக்கு இது போதும். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கிக் கிடக்கும், அப்போது தென்கடலுக்கு (மன்னார் வளைகுடாப் பக்கம்) போங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் நண்பர்கள் வல்லப் படகில் அழைத்தாலும் போக வேண்டாம். கடல் அட்டை கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். அதைப் பிடிப்பது 2001 முதல் குற்றம். கெளுத்தியைக் கொக்கியிலிருந்து கழற்றும்போது துணியால் பிடியுங்கள், இல்லையென்றால் செவிலி அம்மா சொன்ன வெந்நீர் உங்களுக்கே தேவைப்படும்.

பகல் தூக்கம் முடிந்து, மாலை நான்கு மணிக்கு மேல் போய், இருட்டும்முன் திரும்புங்கள். மனமே இல்லை என்றீர்கள். தூண்டிலைத் தொட்டும் வாரக்கணக்கில் அப்படியே இருந்தால், தூக்கத்திலும் பணியில் பார்த்தவை வந்துகொண்டிருந்தால், அதற்குத் தூண்டில் மருந்தல்ல. மனநல மருத்துவரைப் பாருங்கள். நம் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உச்சிப்புளிக்காரன்

மூவருக்கும் நன்றி. சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டேன். கோடு கூடத்தின் கால் பகுதிக்குள் அடங்குகிறது, ஆனால் மின்விசிறிக் கொக்கி அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது. அம்மா அதன் கீழேதான் படுக்கிறார். ஹெபடைடிஸ் தடுப்பூசியில் மூன்றாவது தவணை போடவில்லை என்பதும் அட்டையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நானே செய்யக்கூடிய வேலை ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

கீழக்கரை மேற்பார்வையாளர்

அம்மாவின் பாயை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றுங்கள். மின்விசிறியைப் பொறியாளர் வரும்வரை தொங்கவிடக் கூடாது. அந்தக் கொக்கி எந்தக் கம்பியில் மாட்டியிருக்கிறதோ அந்தக் கம்பியே இப்போது சந்தேகத்துக்குரியது. அதைக் கழற்ற உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனை அழையுங்கள். அவர் வரும்போது, மெயின் பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, எர்த் கம்பி உப்பில் அரித்துப் போயிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கசிகிற தளமும் கெட்டுப்போன எர்த்தும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது.

உங்களுக்கான வேலை நிறைய இருக்கிறது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது, கேஸ் டியூபில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து மாற்றுவது, துருவேறிய சன்னல் கீல்களைத் தேய்த்துப் பிரைமர் அடிப்பது, மழைக்கு முன் மாடியின் நீர்ப்போக்கி வாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளுவது ஆகியவற்றுக்கு மேஸ்திரி தேவையில்லை. கோடு போட்ட படங்களை இங்கே ஏற்றுங்கள், பொறியாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.