தழைதிருத்தம்: 'டோப்பியரி'க்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

அழகுத் தோட்ட மரங்களைக் கத்தரித்து உருவம் கொடுக்கும் 'டோப்பியரி' கலைக்குச் 'செடிச்சிற்பம்', 'பசுஞ்சிற்பம்' என்னும் இரு தமிழ்ச்சொற்கள் நம் சொல்லாக்க உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. காதுக்கு இரண்டும் இனியவையே. எனினும் அவற்றிலுள்ள 'சிற்பம்' எனக்கு உறுத்துகிறது. உளியைக் கீழே வைத்ததும் சிற்பியின் வேலை முடிந்துவிடும். கத்தரித்த மரமோ அடுத்த மழைக்கே தளிர்விட்டு, மயிலாக வெட்டிய உருவத்தைப் புதராக்கிவிடும். இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் தோட்டக் கலைஞர் கியோம் போமோன் 1694இல் அமைக்கத் தொடங்கிய தோட்டத்தின் 'யூ' என்னும் பசுமைமாறா மரங்களுக்கு இன்றும் ஆண்டுதோறும் வெட்டு விழுகிறது. முந்நூறு ஆண்டுகளில் பருத்தும் சாய்ந்தும் தொடக்க உருவத்தைவிட்டு விலகியிருப்பதே அவற்றின் அழகு. வளர்ந்துகொண்டே இருப்பதை அவ்வப்போது ஒழுங்குக்குக் கொண்டுவரும் வேலைக்குத் தமிழில் நெருங்கிய உவமை சிற்பியிடம் இல்லை, முடிதிருத்துநரிடம் இருக்கிறது.

இது என் கற்பனை மட்டுமன்று. கையஸ் மாட்டியஸ் என்ற உரோமானியரே இந்தக் கலையைக் கண்டுபிடித்தவர் என எழுதும் பண்டைய உரோம எழுத்தாளர் மூத்த பிளினி, 'நெமோரா டோன்சிலியா' என்ற இலத்தீன் தொடரை ஆள்கிறார். கத்தரிக்கப்பட்ட தோப்புகள் என்பது பொருள். அதன் வேர்வினை தலைமுடியையும் ஆட்டு மயிரையும் கத்தரிப்பதற்கு உரியது. ஜப்பானில் அசேலியா என்னும் பூச்செடியின் புதர்களை உருண்டையாக வெட்டும் 'கரிக்கோமி'யில் வரும் 'கரி'யும் முடிவெட்டுக்கு வழங்குவதே.

ஆகவே, 'முடிதிருத்தம்' போலத் 'தழைதிருத்தம்' என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. செய்பவர் தழைதிருத்துநர். 'திருத்தம்' என்றால் சட்டத்திருத்தம் நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். முன்னொட்டு இருக்கும்போது எவரும் குழம்புவதில்லை. 'முடிதிருத்தகம்' என்ற பலகையைப் பார்த்து யாரும் சட்டமன்றத்தை நினைப்பதில்லை.

ஆனால் ஜப்பானியத் தோட்டத்துக் கரும்பைன் மரத்தை வடிவமைப்பதையும் இதே சொல்லுக்குள் அடைப்பதை நான் ஏற்கவில்லை. கிளை நுனியை வெட்டும்போது பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருந்த நுனியாதிக்கம் நீங்கி, அவை விழித்துத் தழை அடர்கிறது. மேலாகச் சீவச் சீவ இலை முழுவதும் வெளிப்புறத்தில் ஓர் ஓடு போலச் சேர்ந்து, உள்ளே வெளிச்சமின்றி வெறுங்குச்சியாகிவிடும். யூ மரம் அந்தப் பழைய குச்சியிலிருந்தும் துளிர்க்கும். பைன் பெரும்பாலும் துளிர்க்காது. ஊசியிலையைக் குறுக்கே வெட்டினால் நுனி பழுப்பேறிவிடும். அதனால் பைனில் வசந்த காலத்து இளந்தளிரைக் கையால் கிள்ளுகிறார்கள். இலையுதிர் காலத்திலிருந்து பழைய ஊசியிலைகளைக் கையாலேயே உருவி, அடுக்கடுக்கான கிளைகளுக்கிடையே வெளிச்சம் புகவைக்கிறார்கள். (உருவும் வேலைக்குப் பெயர் 'மொமியாகே', கன்னத்துக் கிருதாவுக்கும் ஜப்பானியர் சொல்வது அதுவே!) இங்கே அமைவது கிளை, தழையன்று. ஆகவே இதைக் 'கிளைதிருத்தம்' எனப் பிரிக்கலாம். தளிரைக் கிள்ளுவதற்குப் புதுச்சொல் வேண்டா. செவ்வந்தி பயிரிடுவோர் சொல்லும் 'நுனி கிள்ளுதல்' போதும்.

செடிகளை வெட்டிவிடுவதற்கு வழங்கும் 'கவாத்து' உருது வழி வந்த சொல், காவலர் அணிப்பயிற்சியையும் குறிக்கும், எனவே அதை நீக்கிவிடலாம் என்றும் நம் உரையாடலில் எழுதப்பட்டிருந்தது. எனக்கு உடன்பாடில்லை. தேயிலைத் தோட்டத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைத் தாழ வெட்டுவதும், நவம்பர் இறுதியில் மல்லிகையைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுவதும் உழவர் வாயில் கவாத்துதான். அது விளைச்சலுக்காகவோ செடியின் நலத்துக்காகவோ செய்யும் வெட்டு. தழைதிருத்தம் உருவத்துக்காகச் செய்வது. இரண்டுக்கும் 'கத்தரித்தல்' என்ற ஒரே சொல்லை வைத்தால், பூக்கும் செடியை உருண்டையாகச் சீவி மொட்டுகளையெல்லாம் இழக்கும் பூங்காப் பணியாளருக்குத் தவறு எங்கே என்று விளக்கவே முடியாது.

கம்பிக் கூண்டுக்குள் கொடியை ஏற்றிச் செய்யும் யானை, மான் வடிவங்களை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். அங்கே உருவம் கம்பியுடையது.

எஞ்சுவது 'பொலார்டிங்'. ஐரோப்பியத் தெருக்களில் பிளேன் மரத்தின் கிளைகளை ஒரே முண்டில் திரும்பத் திரும்ப வெட்டி, புதுக்குச்சிகளை விடச்செய்யும் முறை அது. இதற்குத் 'தலைக்கவாத்து' எனக் குறித்து வைத்திருந்தேன். ஆனால் மின்கம்பிக்குக் கீழே நிற்கும் மரத்தை வெட்டிப் போனதும் தெருவில் என்ன சொல்கிறார்கள்? 'மொட்டையடித்துவிட்டார்கள்' என்கிறார்கள். 'மொட்டைக் கவாத்து' என்றே வைத்துக்கொள்ளலாம்.