தொலைகாட்டிக் குவியத்துக்கு மோட்டர்: "குவியத் தானக் கட்டுப்பாடு" என்ற சொல்லுக்கான முன்மொழிவு

வணக்கம் ஐயா,

மாங்குளம் மாணவர்கள் கட்டிவரும் தொலைகாட்டிக்கான செய்முறைக் கையேட்டில், பார்வைத்துண்டைத் தாங்கும் குழாயை மோட்டரால் நகர்த்தும் அமைப்புக்குத் "தன்னியக்கக் குவியம்" என்ற பெயரைத் தாங்கள் முன்வைத்திருந்தீர்கள். சொல் செவிக்கு இனிதாக இருந்தாலும், அந்த அமைப்பு செய்யாத வேலையையும் அதன்மேல் ஏற்றிவிடுகிறது என்பதால் என்னால் உடன்பட முடியவில்லை. தன்னியக்கக் குவியம் என்றால், கமரா நட்சத்திரத்தின் உருவை அளந்து, அது மிகச் சிறிதாகத் தெரியும் இடத்தைத் தானே தேடிப் பிடிக்க வேண்டும். நம் பிள்ளைகளின் அமைப்போ 1450ஆம் படிக்குப் (மோட்டர் ஒரு தடவையில் திரும்பும் மிகச் சிறிய அளவே ஒரு படி) போகச் சொன்னால் போய் நிற்கும், அவ்வளவுதான். உருவம் தெளிவா என்று தீர்மானிப்பது பார்வைத்துண்டில் கண்வைத்திருக்கும் பிள்ளை. ஆகவே பெயரில் இடத்தைக் குறிக்கும் சொல் ஒன்று வெளிப்படையாக நிற்க வேண்டும்.

"நிலைக் கட்டுப்பாடு" என்று எழுதினால் மோட்டர் ஓடும் நிலை, நிற்கும் நிலை என்பவற்றோடு குழம்பும். "இடக் கட்டுப்பாடு" இடப்பக்கத்தையும் இடவசதியையும் நினைவூட்டும். "தானம்" என்றால் கொடை என்று சிலர் மறுக்கக்கூடும். ஆனால் தசம தானம் படித்து வளர்ந்த எந்த மாணவருக்கும் அச்சொல் ஓர் ஒழுங்கில் அமைந்த இடத்தைக் குறிப்பது தெரியும், படிகளை எண்ணி இடத்தைச் சொல்லும் இந்த அமைப்புக்கும் அந்தப் பொருளே தேவை. எனவே "குவியத் தானக் கட்டுப்பாடு" என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் கையேடு சொல்ல வேண்டும். குவிய விகிதம் (குவியத் தூரத்தைத் துவார விட்டத்தால் வகுத்த எண்) 5 உள்ள தொலைகாட்டியில், பச்சை ஒளிக்கு உருவத்தின் தெளிவு கெடாமல் பார்வைத்துண்டு நகரக்கூடிய வீச்சு ஏறத்தாழ 55 மைக்கிரோமீற்றர். தொலைகாட்டியின் உடலான ஒரு மீற்றர் நீள அலுமினியக் குழாயின் வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் தணிந்தால், அது ஏறத்தாழ 115 மைக்கிரோமீற்றர் சுருங்கும். மாலையில் சரிசெய்த குவியம் விடியற்புறத்தில் தவறிப்போவது அதனால்தான். மாணவர்கள் வாங்கியிருக்கும் 28பிவைஜே-48 மோட்டர், பற்சில்லுத் தொகுதியோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2048 படிகள் எடுக்கும். மோட்டர் திருப்பும் குவியக் குமிழின் ஒரு சுற்று பார்வைத்துண்டுக் குழாயை 20 மில்லிமீற்றர் நகர்த்துமாயின், ஒரு படி 10 மைக்கிரோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. தேவைக்கு இது போதும்.

சிக்கல் படியில் இல்லை, திசை திரும்பும்போது பற்களுக்கிடையே வீணாகும் அசைவில் இருக்கிறது. குளத்தில் நீரழுத்தத்தில் இறுகிய துருசுக் கதவைத் திருகுப் புரியால் ஏற்றிவிட்டு இறக்கத் திருப்பினால், புரியிடைவெளி தீரும்வரை கைச்சக்கரம் மட்டும் சுழலும், கதவு அசையாது. இங்கும் அப்படித்தான்: மோட்டர் முப்பது படி எண்ணியிருக்கும், குழாய் நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்குப் "பின்னடைவு" என்பது தோல்வியைச் சொல்வதுபோல் படுகிறது. நம் ஊர்த் திருத்துமிடங்களில் சில்லு தளர்ந்தால் "ஆட்டம் இருக்கு" என்பார்கள், அதிலிருந்து "பல்லாட்டம்" என்று எடுக்க விரும்புகிறேன். பல்லாட்டத்துக்குப் பரிகாரம், கடைசி நகர்வை எப்போதும் ஒரே திசையில் முடிப்பது. எதிர்த்திசையில் போக வேண்டியிருந்தால், குறித்த தானத்தைச் சில பத்துப் படிகள் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும்.

மின் நின்றாலோ யாராவது குமிழைக் கையால் திருப்பினாலோ எண்ணிக்கை பொய்த்துவிடும், ஏனெனில் குழாய் உண்மையில் எங்கே நிற்கிறது என்று அளந்து தெரிவிக்கும் பின்னூட்டல் இதில் இல்லை. குழாய் முழுவதும் உள்வாங்கும் இடத்தில் குழாய் தொட்டதும் இயங்கும் ஓர் எல்லை ஆளியைப் பொருத்தி, அங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். அந்த இடத்தைப் "பூச்சியத் தானம்" எனலாம். இப்படிப் படிபடியாகச் சுழலும் மோட்டருக்குப் "படி மோட்டர்" என்ற பெயர் பற்றி எனக்கு மறுப்பேதும் இல்லை.

பல்லாட்டத்தில் மட்டும் வவுனியா நண்பர்களின் கருத்தைக் கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுப்போம்.

அன்புடன்,
பௌதிகவியல் ஆசிரியை, கிளிநொச்சி