நெட்மிக்கோ ஸ்கிரிப்ட்: டிஸ்கனெக்ட் எழுதியும் ஸ்விட்ச்சில் செஷன் மூடவில்லை

கேள்வி:
12 சிஸ்கோ ஐஓஎஸ் ஸ்விட்ச்சுகளிலும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் பாதுகாப்பான வழி) மூலம் நுழைந்து, போர்ட்டுகளின் விஎல்ஏஎன்னை (அவை சேரும் தனி வலைப்பிரிவை) மாற்றிவிட்டு வெளியே வர, நெட்மிக்கோ என்ற பைத்தான் லைப்ரரியை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பிழை வந்தால் அதே ஸ்விட்ச்சை 5 முறை வரை முயலும். வேடிக்கை என்னவென்றால், மாற்றம் ஒழுங்காக நடந்துவிடுகிறது. ஆனாலும் டைம்அவுட் பிழை வருகிறது. 5 முயற்சியும் தீர்ந்தபின் கையால்கூட உள்ளே போக முடியவில்லை, கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு. சுமார் 10 நிமிடத்தில் தானாகச் சரியாகிறது.

கடைசியில் நெட்மிக்கோவின் சென்ட் கமாண்டில் (கட்டளையை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பது) 'எக்ஸிட்' அனுப்பி, அடுத்த வரியில் இணைப்பை மூடும் டிஸ்கனெக்ட்டைக் கூப்பிடுகிறேன். அப்புறம் ஏன்?

பதில்:
கன்சோல் வழியாகப் போய், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் 'ஷோ யூசர்ஸ்' அடித்துப் பாருங்கள். விடிஒய் லைன் (தொலைவிலிருந்து நுழைபவருக்கான இடம்) 0 முதல் 4 வரை உங்கள் பெயரே இருக்கும்; ஐந்தும் நிரம்பியதால்தான் புது இணைப்பை மறுக்கிறது. அந்த 10 நிமிடம் எக்ஸெக் டைம்அவுட்டின் (சும்மா இருக்கும் செஷனை ஸ்விட்ச்சே மூடும் நேரம்) இயல்பு அளவு. அதை யாராவது 0 0 (தானாக மூடவே கூடாது) என்று மாற்றியிருந்தால், லைனை வலிந்து மூடும் 'க்ளியர் லைன்' போட்டால்தான் விடுதலை.

ஒன்று சொல்லுங்கள்: எக்ஸிட் அனுப்பும்போது கான்ஃபிக் மோடில் (அமைப்புகளை மாற்றும் நிலையில்) இருக்கிறீர்களா?

கேட்டவர்:
ஆமாம், வேகத்துக்காக அதிலிருந்து வெளியேறாதபடி வைத்திருக்கிறேன். இணைப்புகளை ஒரு லிஸ்டிலும் சேர்த்து வைக்கிறேன்.

பதில்:
அங்கேதான் மாட்டிக்கொண்டது. கான்ஃபிக் மோடில் எக்ஸிட் ஒரு படிதான் மேலே ஏற்றும், செஷனை மூடாது. ப்ராம்ப்ட்டும் (கட்டளைக்காகக் காத்திருக்கும்போது ஸ்விட்ச் காட்டும் வரி) மாறிவிடும். சென்ட் கமாண்டோ பழைய ப்ராம்ப்ட் திரும்பி வரும் என்று 10 விநாடி காத்திருந்து பிழை எழுப்பும். உங்கள் டிஸ்கனெக்ட் அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது, அதைத் தொடாமலே மறுமுயற்சிக்குத் தாவிவிடுகிறது. லிஸ்ட் வேறு பழைய இணைப்பைப் பிடித்து வைத்திருக்கிறது.

எக்ஸிட் வரியை எடுத்துவிடுங்கள். டிஸ்கனெக்ட்டே கான்ஃபிக் மோடிலிருந்து வெளியே வந்து, எக்ஸிட் அனுப்பி, சாக்கெட்டையும் மூடும். அதை ஃபைனலிக்குள் (பிழை வந்தாலும் ஓடும் பைத்தான் பகுதி) வையுங்கள்; இன்னும் நல்லது, இணைப்பை உருவாக்கும் கனெக்ட்ஹேண்ட்லரை பைத்தானின் 'வித்' கொண்டு திறப்பது. நடுவில் எது வெடித்தாலும் மூடிவிடும். லிஸ்ட்டும் வேண்டாம்.

இன்னொருவர்:
ஸ்கிரிப்ட் ஓடும் கணினியில் மின்சாரமே போனால் ஃபைனலி ஓடாது, ஸ்விட்ச்சுக்கும் தெரியாது. அதற்கு ஸ்விட்ச்சில் 'சர்வீஸ் டிசிபி கீப்அலைவ்ஸ் இன்' போட்டு வையுங்கள்; எதிர்முனை இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் இணைப்பை மூடிவிடும்.

கேட்டவர்:
'வித்' போட்டேன். 12 ஸ்விட்ச்சும் முதல் முயற்சியிலேயே முடிந்தது, ஷோ யூசர்ஸில் என் கன்சோல் மட்டும்தான். எக்ஸிட் வரியை நானே சுத்தமாக மூட வேண்டும் என்றுதான் சேர்த்திருந்தேன்.