ஒளிகிறவனா, வேஷம் போடுகிறவனா? உளவாளி கேம் சண்டை

புளியறைப் பையன்:
போன சனிக்கிழமை ராத்திரி தென்காசியில் சேக்காளி வீட்டில் ஆரம்பித்த சண்டை. ஒன்றரை மணிக்கு அவன் அம்மா வந்து மெயினை அணைத்துவிட்டதால் பாதியில் நிற்கிறது, இங்கே முடித்துவிடலாம் என்று கொண்டுவந்திருக்கிறேன். என் கட்சி இதுதான்: உளவாளி வீடியோ கேம் என்றால் ஹிட்மேன், அதிலும் 2016, 2018, 2021-இல் வந்த மூன்று பாகங்கள். ஸ்பிளின்டர் செல், மெட்டல் கியர், ஐஜிஐ எல்லாம் நல்ல கேம்கள்தான், ஆனால் அவை கண்ணாமூச்சி. நிஜ ஒற்றன் புதருக்குள் குத்தவைத்து உட்கார்ந்திருக்க மாட்டான், பட்டப்பகலில் தட்டை ஏந்திக்கொண்டு ஹால் நடுவில் நடப்பான்.

சும்மா சொல்லவில்லை, நடந்து பார்த்திருக்கிறேன். கேரளத்தில் புனலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பெண் யார், மாப்பிள்ளை யார், ஒன்றும் தெரியாது. சத்யா, அதாவது மலையாளத்து இலை விருந்து, சாப்பிட வேண்டும் என்கிற ஒரே லட்சியத்தோடு நானும் அதே சேக்காளியும் கசவு வேட்டி கட்டிக்கொண்டு உள்ளே போனோம். அவன் பயந்துபோய்க் கை கழுவுகிற இடத்துத் தூணுக்குப் பின்னால் பதுங்கினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, ஒரு பெரியவர் வந்து யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டார். நான் சமையல்கட்டு வாசலில் இருந்த ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் இறங்கிவிட்டேன், ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளி பிடித்தவனுக்கு முகம் கிடையாது. ஹிட்மேன் முழுக்க இதுதான்: தோட்டக்காரன் உடுப்பு போட்டால் தோட்டத்தில் கேட்க ஆள் இல்லை, சமையல்காரன் உடுப்பு போட்டால் அடுப்படியில் கேட்க ஆள் இல்லை.

பச்சைக் கூம்பு:
தம்பி, வேஷத்தை ஹிட்மேன்காரன் கண்டுபிடித்ததுபோல் பேசாதே. முதல் ஹிட்மேன் வந்தது 2000-இல். அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே மாட்ரிட்டில் இருந்த பைரோ ஸ்டுடியோஸ் கமாண்டோஸ் என்கிற கேமைப் போட்டுவிட்டது. அதில் ஸ்பை என்று தனியாகவே ஒரு ஆள் உண்டு. கொடியில் காயப்போட்டிருக்கிற ஜெர்மன் சீருடையை உருவிப் போட்டுக்கொண்டு காவலாளியிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பான், அவன் முகத்தை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கும்போது கிரீன் பெரே என்கிற இன்னொரு ஆள் பின்னால் தவழ்ந்து போவான். ஒருத்தன் வேஷம் போட, இன்னொருத்தன் ஒளிய, இரண்டும் ஒரே கேமில். அப்புறம் என்ன சண்டை?

செங்கோட்டையில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து 20 மிஷனும் முடித்தவன் நான். எதிரியின் பார்வை தரையில் பச்சைக் கூம்பாக விழும். கிட்டத்தில் வெளிர் பச்சை, அதில் கால் வைத்தால் தீர்ந்தது. தூரத்தில் கரும்பச்சை, அங்கே தவழ்ந்து போனால் கண்ணுக்குப் படமாட்டாய். ஒரு ஆள் செத்தாலும் மிஷன் போச்சு. ஒவ்வொரு மிஷனுக்கும் ஒரு குறியீடு தருவான், அதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஏதோ பெண் பிள்ளைக்கு எழுதுகிற ரகசிய பாஷை என்று நினைத்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஐஜிஐயைக் கண்ணாமூச்சி என்றால் உனக்கு அதில் பட்ட பாடு தெரியாது. நார்வேக்காரன் இன்னர்லூப் 2000-இல் போட்டது, 14 மிஷன், நடுவில் சேவ் என்கிற பேச்சே கிடையாது. முள்வேலிக்கு வெளியே படுத்துக்கொண்டு பைனாகுலரில் கோபுரத்துக் காவலாளியை எண்ணி, கேமராவை எண்ணி, முக்கால் மணி நேரம் ஊர்ந்து உள்ளே போய், கடைசிக் கதவில் அலாரம் அடிக்கும். பாசறையில் இருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். முதலில் இருந்து ஆரம்பி. அதைவிட மோசம், கடைசிக் கதவையும் தாண்டின பிறகு கரண்ட் போகும்.

சுட்டுத்தள்ளு:
பயந்தாங்கொள்ளிகள் விளையாட்டு. துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டு சுடாதே என்கிறான்.

பச்சைக் கூம்பு:
ஐஜிஐயில் நீ ஐந்து நிமிஷம் தாங்க மாட்டாய், போ.

இருட்டுப்பூனை:
புளியறைத் தம்பிக்கு ஒரு கேள்வி. 2018-இல் வந்த ஹிட்மேன் 2-இல் மும்பை மிஷன் விளையாடியிருப்பாய்தானே. ஹீரோ வெள்ளைக்காரன், மழுமழு மொட்டை, பின்மண்டையில் பார்கோடு. அவன் மும்பைக் குடிசைப்பகுதியில் ஒரு உள்ளூர் ஆளின் சட்டையை மாட்டிக்கொண்டு நடக்கிறான், எதிரில் வருகிற நூறு பேரில் ஒருத்தனாவது எவண்டா நீ என்று கேட்கிறானா? உடுப்பை மாற்றினால் தோலும் பாஷையும் சேர்ந்தா மாறிவிடும்? எங்கள் குலசேகரத்தில் இருந்து கேரள எல்லை தாண்டிப் பாறசாலை போய் ஒரு சோடா கேட்டாலே, வாயைத் திறந்த மாத்திரத்தில் தமிழா என்று கேட்டுவிடுவார்கள் மக்களே. இத்தனைக்கும் நாங்கள் பேசுவது பாதி மலையாளம் என்று திருநெல்வேலியில் கேலி செய்கிறார்கள்.

என் ஓட்டு ஸ்பிளின்டர் செல், அதிலும் 2005-இல் வந்த கேயாஸ் தியரி. அங்கே இரண்டே கணக்கு, எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு சத்தம். அதில் சத்தக் கணக்குதான் அழகு. நீ எழுப்புகிற சத்தத்தை மட்டும் காட்டாமல், அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிற சத்தம் எவ்வளவு என்று அதே மீட்டரில் ஒரு கோடு போட்டுக் காட்டுவான். இயந்திரம் ஓடுகிற அறையில் வேகமாக நடக்கலாம், அமைதியான வராந்தாவில் அதே நடை உன்னைக் காட்டிக் கொடுக்கும்.

இதை நான் கேமில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பா ரப்பர் பால்வெட்டு. விடிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார், சின்ன வயதில் பின்னாலேயே போவேன். தை மாதம் இலை உதிர்ந்து கிடக்கும்போது தோட்டத்தில் ஒரு கீரிப்பிள்ளை நடந்தால்கூட நாலு வரிசை தள்ளிக் கேட்கும், சறக் சறக் என்று அப்பளம் நொறுங்குகிற மாதிரி. ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டால் பக்கத்து மரத்தில் ஆள் நின்றாலும் தெரியாது. கேயாஸ் தியரி விளையாடும்போது இந்தக் கேமைச் செய்தவன் எங்காவது இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான் என்று தோன்றியது. 1998-இல் லுக்கிங் கிளாஸ் கம்பெனி போட்ட தீஃப் கேம் இதற்குத் தாத்தா. கம்பளத்தில் நடந்தால் ஒரு சத்தம், இரும்புத் தகட்டில் நடந்தால் ஒரு சத்தம், நடக்கிற இடத்தில் பாசி விரிக்க ஒரு தனி அம்பே வைத்திருந்தான்.

அட்டைப்பெட்டி:
கேரள எல்லை வாளையாரில் இருந்து வணக்கம். எல்லோரும் ஹீரோ என்ன செய்கிறான் என்றே பேசுகிறீர்கள், எதிரில் நிற்கிற காவலாளி எப்படி என்று பார்க்க வேண்டாமா? அவன் முட்டாள் என்றால் நீ ஒளிந்தாலும் வேஷம் போட்டாலும் ஒன்றுதான்.

மெட்டல் கியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் எம்எஸ்எக்ஸ்2 கணினிக்கு கொஜிமா செய்த முதல் கேமே ஒளிகிற கேமாக ஆனதற்குக் காரணம், திரையில் நிறைய ஆட்களையும் குண்டுகளையும் அந்த இயந்திரத்தால் தாங்க முடியாது என்பது. இருக்கிற கொஞ்சம் ஆட்களை வைத்துப் பயமுறுத்த வேண்டும் என்றால் காவலாளியைக் கெட்டிக்காரனாக்க வேண்டும். 1998 மெட்டல் கியர் சாலிடில் பனியில் உன் காலடித் தடத்தைப் பார்த்து அவன் பின்தொடர்ந்து வருவான். 2015-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் அவன் பாடமே படிக்கிறான். தலையிலேயே சுட்டுக்கொண்டிருந்தால் அடுத்த அடுத்த மிஷன்களில் ஹெல்மெட்டோடு வருவான். ராத்திரியிலேயே போய்க்கொண்டிருந்தால் இருட்டில் பார்க்கிற கண்ணாடி மாட்டிக்கொள்வான். உடனே நீ உன் ஆட்களை அனுப்பி அவனுக்கு ஹெல்மெட் வருகிற கிடங்கை அழிக்கலாம். இது அல்லவா ஒற்று வேலை!

அட்டைப்பெட்டியைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு ஒன்று. அந்த 1998 கேமில் பெட்டிக்குள் புகுந்து லாரியில் ஏறி உட்கார்ந்தால், காவலாளி சரக்கு என்று நினைத்து அடுத்த இடத்துக்கு ஓட்டிப்போய் இறக்கி வைப்பான். எங்கள் ஊர் ரோட்டில் தார்ப்பாய் மூடின லாரி வரிசையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது நகைச்சுவையே இல்லை. எந்த மூட்டைக்கு அடியில் எந்த மூட்டை என்று யார் கண்டது? ரேஷன் அரிசி அந்தப் பக்கம் போகிறது, லாட்டரிச் சீட்டு இந்தப் பக்கம் வருகிறது.

பச்சைக் கூம்பு:
அட்டைப்பெட்டி சொல்வது நியாயம். ஆனால் கெட்டிக்காரக் காவலாளி என்ற பெயரில் கிறுக்கனைக் கொண்டுவந்து நிறுத்தின கதையும் உண்டு. 2002-இல் அதே பெயரில் வந்த பழைய ஹிட்மேன் 2-இல் சரியான உடுப்பு போட்டிருந்தாலும் கொஞ்சம் ஓடினால் சந்தேகம், கொஞ்சம் கிட்டே போனால் சந்தேகம், உடனே சுடு. பனிக்குள் மைல் கணக்கில் ஆமைபோல் நடந்து செத்தேன். தம்பி, உன் 2016-க்கு முன்னால் உன் கட்சி இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

அட்டைப்பெட்டி:
பூனை அக்காவின் கட்சியும்தான். ஸ்பிளின்டர் செல் வரிசையில் 2010-இல் வந்த கன்விக்‌ஷனில் ஹீரோ சாம் ஃபிஷர் எதிரிகள் தலையில் குறி வைத்துவிட்டு ஒரு பட்டனை அமுக்கினால் எல்லோரும் வரிசையாகச் சாய்வார்கள். வெளிச்சமாவது, சத்தமாவது.

சுட்டுத்தள்ளு:
அது ஒன்றுதான் நல்ல பாகம்.

இருட்டுப்பூனை:
கன்விக்‌ஷனைப் பற்றி இங்கே பேசக் கூடாது. எல்லார் வீட்டிலும் ஒருத்தன் அப்படி இருப்பான். 2013-இல் பிளாக்லிஸ்ட் வந்து கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றியது, அதிலும் சாம் குரலை மாற்றிவிட்டார்கள். மைக்கேல் அயர்ன்சைட்டின் குரல் இல்லாத சாம், உப்பில்லாத கஞ்சி. சரி, அது போகட்டும். புளியறைத் தம்பி, நீ வாளியோடு பந்திக்குள் இறங்கினாய், ஒருத்தரும் பார்க்கவில்லை. அப்புறம்? கதையை அங்கேயே நிறுத்திவிட்டாயே. எனக்கு ஏதோ உதைக்கிறது.

புளியறைப் பையன்:
அக்கா, அதைக் கேட்காமல் விடுவீர்கள் என்று நினைத்தேன்.

மாட்டிக்கொண்டேன். வாளியில் இருந்தது சாம்பார். நம் ஊர்ப் பந்தியில் சோறு விழுந்தால் அடுத்தது சாம்பார்தானே, நானும் முதல் இலையில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டேன். அந்த வரிசைக்கே பருப்பும் நெய்யும் இன்னும் வரவில்லை. சத்யாவில் முதலில் பருப்பும் நெய்யும், அதற்குப் பிறகுதான் சாம்பார், இது அங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். சாப்பிட உட்கார்ந்திருந்த பாட்டி இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பந்தி மேற்பார்வைக்கு நின்ற ஒரு மாமா நாலு இலை தள்ளி இருந்து வந்துவிட்டார். "பருப்பு விளம்பாதெ சாம்பாறோ? மோன் எவிடெயா?" பருப்பு பரிமாறாமல் சாம்பாரா, மகன் எந்த ஊர் என்று கேட்கிறார்.

ஆனால் இதுவும் என் கட்சிக்குத்தான் சாட்சி. புது ஹிட்மேனில் சில ஆட்கள் தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். நீ போட்டிருக்கிற உடுப்புக்காரர்கள் எல்லோரையும் முகம் தெரிந்த ஆள் அவன். வெயிட்டர் உடுப்பில் வாசல் காவலாளியைத் தாண்டிவிடலாம், வெயிட்டர்களை மேய்க்கிறவனைத் தாண்ட முடியாது. அந்த மாமா தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளியை நான் பார்க்கத் தவறிவிட்டேன், அவ்வளவுதான். அப்புறம் மும்பை மிஷனைக் கேலி செய்தீர்களே, அதில் கொல்ல வேண்டிய மூன்று பேரில் ஒருத்தனின் முகமே நமக்குத் தெரியாது. ஊருக்குள் சுற்றி, துப்பு சேர்த்து, முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை உங்கள் இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எப்படிச் செய்வீர்கள்?

இருட்டுப்பூனை:
அந்த வெள்ளைப் புள்ளி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், ஆளைத் தேடுவதையும். ஆனால் நீ மாட்டினது முகத்தால் இல்லை மக்கா, முறை தெரியாததால். அந்த மாமாவுக்கு உன்னைத் தெரியாது என்பது பிறகுதானே வந்தது? முதலில் சாம்பார். ஹிட்மேனில் 47 என்கிற அந்த மொட்டை ஹீரோ எந்த ஊரில் எந்த வேஷம் போட்டாலும் அந்த வேலையைப் பிசகாமல் செய்துவிடுகிறான், சமையல், முடிவெட்டு, மேளம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. தப்பாக ஊற்றுகிற வாய்ப்பை எனக்குக் கொடு, பருப்புக்கு முன்னால் சாம்பார் ஊற்றினால் பிடிபடட்டும், அன்றைக்கு நான் உன் கட்சிக்கு வருகிறேன். வேஷம் என்பது சட்டை அல்ல என்று ஒரு கேம் சொல்லும்வரை எனக்கு என் மீட்டர் போதும். மழை சத்தத்தில் நடந்தால் கேட்காது, சருகில் நடந்தால் கேட்கும், அதில் பொய் இல்லை.

அட்டைப்பெட்டி:
ஹிட்மேன் போடுகிற ஐஓ இன்டராக்டிவ்தான் ஜேம்ஸ் பாண்ட் கேமையும் கையில் எடுத்திருக்கிறது, 2020-இலேயே அறிவித்துவிட்டார்கள். பாண்ட் வேஷமே போடாமல் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போகிற ஆள். அதை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

பச்சைக் கூம்பு:
அது மொய் எழுதிவிட்டு உள்ளே போகிற கட்சி. லே தம்பி, அதெல்லாம் கிடக்கட்டும், பாயசம் கிடைத்ததா இல்லையா?

புளியறைப் பையன்:
கிடைத்தது அண்ணாச்சி. புளியறை என்று சொன்னதும் அந்த மாமா சிரித்துவிட்டார், அவர் அம்மா பிறந்த வீடு செங்கோட்டையாம், 1956-க்கு முன்னால் எல்லாம் ஒரே திருவிதாங்கூர்தானே என்றார். கையில் இருந்த வாளியை வாங்கிக்கொண்டு என்னை இலையில் உட்கார வைத்து, அடைப்பிரதமன் இரண்டு தடவை ஊற்றினார். சேக்காளி அதுவரைக்கும் மண்டபத்துக்கு வெளியே பைக் மறைவில் ஒளிந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஒரு பழம் எடுத்துக்கொண்டு போனேன்.